ஜாடிக்கு ஏற்ற முகம்

பெட்ரோல் பங்க்கில் கல்லாவுக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு ஜாடி இருக்கும். வெள்ளரிக்காய் ஊறுகாய் வந்த பெரிய ஜாடி. எத்தனை தடவை கழுவினாலும் உள்ளே அந்தப் புளிப்பு வாசனை போகாது. மூடியில் நோட்டு நுழைகிற அளவுக்குக் கத்தியால் கீறியிருப்பார்கள். வெளியே, வைத்தியத்துக்குக் காசில்லாத ஒரு குழந்தையின் படம். குழந்தை மாறும். ஜாடி மாறாது.

கோல்ட்டனின் படத்தைக் கிழித்த இடத்தில்தான் ஜோசியின் படத்தை ஒட்டினார்கள். கோல்ட்டனுக்கு ரத்தப் புற்றுநோய். புருவம்கூட உதிர்ந்துபோன மொட்டைத் தலையோடு, வருகிறவர்களையெல்லாம் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். சிகரெட் வாங்க வரும் லாரிக்காரர்கள் மீதிச் சில்லறையைப் பார்க்காமலே உள்ளே போடுவார்கள். வசந்தத்தில் அவன் செத்துப்போனான். கோடை முழுவதும் ஜாடி படமில்லாமல் நின்றது. மீதியை வாங்கியவர்களின் கை ஒரு கணம் அந்தப் பக்கம் போய்த் திரும்பியது.

ஜோசிக்குப் பத்து வயது. அவள் உடம்பு தானாக இன்சுலின் சுரப்பதை நிறுத்தி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அரசாங்கக் காப்பீடு இருந்தவரை அவள் அம்மா ரோண்டாவுக்கு அது வீட்டு வேலைகளில் ஒன்று, அவ்வளவுதான். பல் துலக்கச் சொல்வதுபோல, தலை வாரிவிடுவதுபோல, ஊசி. பிறகு அவர்கள் பழைய டிரெய்லர் வீட்டை விட்டு ஓடைக்கரைக்கு மாறினார்கள். வருஷா வருஷம் வருகிற காப்பீட்டுப் புதுப்பிப்புக் கடிதம் பழைய இடத்துக்குப் போயிற்று. பதில் வரவில்லை என்று ஜோசியின் பெயரை எடுத்துவிட்டார்கள். மருந்துக்கடை வரிசையில் நின்றபோதுதான் ரோண்டாவுக்கு அது தெரிந்தது. கடைக்காரர் விலையைச் சொன்னபோது, அவர் வேறு யாரிடமோ பேசுகிறார் என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தாள். அது அவளுடைய வாடகையைவிட அதிகம்.

மறுபடி விண்ணப்பித்தாள். போன் போட்டால் ஒரு பியானோ இசை வரும். நெடுஞ்சாலை விடுதியில் படுக்கை விரிப்பு மாற்றியபடி, போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு அந்த இசையைக் கேட்பாள். ஒரு அறை முடிந்து அடுத்த அறைக்குப் போகும்போது போனில் ஒரு பெண் வந்து, "பரிசீலனையில் இருக்கிறது" என்பாள். கனிவான குரல். அந்தக் கனிவுதான் ரோண்டாவைச் சண்டை போட விடாமல் செய்தது.

ஜாடியும், இலையுதிர் காலத்தில் தீயணைப்பு நிலையத்தில் கேக் ஏலம் விட்டுப் பணம் திரட்டும் உதவி விருந்தும் வில்லடீனின் பொறுப்பு. அறுபதைத் தாண்டியவள், சர்ச்சில் பெண்கள் குழுவுக்குத் தலைவி. கோல்ட்டனின் சவப்பெட்டியை மூடியபோது பெற்ற தாயைவிட அதிகமாக அழுதவள். அந்த அழுகையில் பொய் இல்லை என்று ரோண்டாவுக்குத் தெரியும். அந்த வில்லடீன் ஒரு நாள் மத்தியானம் ரோண்டாவின் சமையலறையில் வந்து உட்கார்ந்தாள்.

"எல்டன் சொல்றான், ஜாடியில காசு அடியக்கூட மூடலையாம் தங்கம்," என்றாள். எல்டன் பங்க்கின் முதலாளி.

"ஜனங்களுக்கும் கஷ்டம்தானே மிஸ் வில்லடீன்."

"ஜனங்க மேல குத்தம் இல்ல. படம்தான் சரியில்ல. நாய்க்குட்டியக் கட்டிப் புடிச்சிக்கிட்டு, கன்னத்த இப்படி உப்ப வச்சிக்கிட்டு சிரிக்கிறா. இவளுக்கு எதுக்குக் காசு, இவதான் நமக்குக் குடுக்கணும்னு தோணுது."

"அவ அப்படித்தான் இருக்கா. ஊசி போட்டா நல்லா இருப்பா. போடலன்னாதான்..."

"எனக்குத் தெரியும்மா. ஜாடிக்குத் தெரியாதே." வில்லடீன் காப்பியை ஒரு மிடறு குடித்தாள். "ஆஸ்பத்திரியில எடுத்தது ஏதாவது இருக்கா? மூக்குல குழாய் கிழாய் வச்சு?"

இருந்தது. ரோண்டாவின் போனில், யாருக்கும் காட்டாத ஒரு படம். இரண்டு வருஷத்துக்கு முன்னால், நோய் என்னவென்றே தெரியாமல் ஜோசியை அள்ளிக்கொண்டு ஓடிய அன்று எடுத்தது. கண் பாதி திறந்து, உதடு வெடித்து, கன்னம் ஒட்டி. அன்றைக்கு அதை ஏன் எடுத்தாள் என்று ரோண்டாவுக்கு நன்றாகத் தெரியும். கடைசிப் படம் என்று நினைத்துத்தான் எடுத்தாள். பிறகு குழந்தை பிழைத்துவிட்டது. படத்தை அழிக்கக் கை வரவில்லை. அழித்தால் ஏதோ ஒரு காவலை எடுத்துவிட்டது போலாகும் என்று ஒரு பயம்.

போனை மேசைமேல் வில்லடீன் பக்கம் தள்ளினாள். பிள்ளையை ஊர் நடுவே உடுப்பில்லாமல் நிறுத்துவதுபோல் இருந்தது. வில்லடீன் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தாள். அவள் கண்ணில் உடனே நீர் வந்தது.

"இது," என்றாள். "இதுதான்."

படம் மாறியதும் ஜாடி நிறைந்தது. எல்டன் வாரத்துக்கு ஒரு தடவை காகிதப் பையில் கொட்டிக் கொடுத்தான். ஜோசியும் ஒரு நாள் பங்க்கில் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டாள். ஐஸ்கட்டிப் பெட்டியருகே நின்று, தலையைச் சாய்த்து வெகுநேரம் பார்த்தாள்.

"அம்மா, இது நான் செத்துப்போனப்ப எடுத்ததா?"

"நீ எங்கடி செத்த?"

"செத்த மாதிரிதான் இருக்கு. ஏன் நாய்க்குட்டி படத்த எடுத்துட்டாங்க?"

"நாய்க்குட்டிக்கு யாரும் காசு போட மாட்டேங்கறாங்க."

ஜோசி அதை யோசித்தாள். எதையும் அப்படி உதட்டைக் கடித்துக்கொண்டு, கணக்குப் போடுவதுபோல் யோசிப்பாள். அவள் சரி என்று தலையாட்டியது ரோண்டாவுக்கு நிம்மதியாக இருந்தது. பிள்ளை எதற்குச் சரி என்கிறாள் என்று அப்போது கேட்டிருக்கலாம்.

எல்லோரும் போட்டுவிடவில்லை. ஒரு தடவை பங்க்கில் சிப்ஸ் அடுக்குக்குப் பின்னால் நின்று ரோண்டா கேட்டாள்.

"சர்க்கரையா? சின்னப் பிள்ளைக்கா?" என்றான் ஒருவன். "கோலா குடுக்கறத நிறுத்தச் சொல்லு எல்டன். அதுக்குக் காசு எதுக்கு?"

"அது வேற மாதிரியாம்."

"என்ன வேற மாதிரி? என் மாமனுக்கும் சர்க்கரைதான். ஒரு காலயே எடுத்தாச்சு. இன்னும் பான்கேக்ல தேன ஊத்தித் திங்கறான்."

முன்பு என்றால் ரோண்டா வெளியே வந்து விளக்கியிருப்பாள். இது தின்று வந்ததல்ல, பிள்ளைக்கு உடம்பே தன்னைத் தானே கெடுத்துக்கொண்டது, யார்மேலும் குற்றமில்லை என்று. இப்போது அசையாமல் நின்றாள். மாமனின் அந்த வெட்டிய காலை அவன் இன்னும் கொஞ்சம் நினைத்து ஜாடிப் பக்கம் பார்த்தால் பரவாயில்லை என்றிருந்தது.

பள்ளிக்கூட மைதானத்தில் ஜோசி ஓடியதைப் பார்த்துவிட்டு வந்த ஒரு பெண், சர்ச் வாசலில் ரோண்டாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உன் பொண்ணப் பார்த்தேன். மான்குட்டி மாதிரி ஓடறா. கர்த்தர் சுகம் குடுத்துட்டார் போலிருக்கே."

வார்த்தையில் தேன். கையில் பிடி இறுகியிருந்தது. அந்த வாரம் எல்டன் கொடுத்த பையில் கனமில்லை.

அன்று சாயங்காலம் ரோண்டா ஜோசியிடம் சொன்னாள்: "ஊருக்குள்ள ஓடாத செல்லம்."

"வீட்டுக்குப் பின்னாடி?"

"அங்க ஓடலாம்."

"நாய் பார்க்குமே."

"நாய்கிட்ட ஏது காசு?"

ஜோசி சிரித்தாள். பிறகு குளியலறைக் கண்ணாடி முன்னால் போய் நின்று கன்னத்தை உள்ளே இழுத்தாள். கண்ணைப் பாதி மூடினாள். "இது ஒரு டாலர் மூஞ்சி," என்றாள். வாயைக் கொஞ்சம் தொங்கவிட்டு, கழுத்தைச் சாய்த்தாள். "இது அஞ்சு டாலர். அம்மா, இங்க பாரு. இது இருபது."

இருபது டாலர் முகம் அச்சாக ஜாடியில் இருந்த முகம். ரோண்டா சிரித்துவிட்டாள். நாள் முழுவதும் விடுதிக் கழிவறைகளைத் தேய்த்துவிட்டு வந்தவளுக்கு, வயிறு வலிக்கச் சிரிப்பு வந்தது. இருவரும் குளியல்தொட்டி விளிம்பில் உட்கார்ந்து சிரித்தார்கள். அது நல்ல சாயங்காலம். பின்னால் நினைத்துப் பார்த்தபோதும் அது நல்ல சாயங்காலமாகவே இருந்தது. அதுதான் அவளால் பொறுக்க முடியாமல் போனது.

மருந்தை இழுத்துப் பிடித்துத்தான் ஓட்டிக்கொண்டிருந்தாள். ஊசியில் அளவுக் கோட்டுக்குக் கொஞ்சம் கீழே நிறுத்துவாள். ரொட்டியைக் குறைத்துவிட்டு முட்டை கொடுப்பாள். பிள்ளை அடிக்கடி தண்ணீர் கேட்டாள். இரவில் எழுந்து எழுந்து சிறுநீர் கழிக்கப் போனாள். கால்சட்டை இடுப்பில் நழுவியது. புதிதாக ஒரு துளை போட்டு இடுப்பு வாரை இறுக்கிவிட்டாள் ரோண்டா.

"பாவம், எலும்பும் தோலுமா ஆயிட்டா," என்றாள் வில்லடீன் அடுத்த ஞாயிறு. பிறகு குரலைத் தாழ்த்தி, "விருந்து நேரத்துக்கு..." என்று தொடங்கி நிறுத்தினாள். "நான் என்ன சொல்ல வரேன்னா தங்கம்..."

"தெரியுது மிஸ் வில்லடீன்."

தெரிந்துதான் இருந்தது. மருந்து மிச்சமாகட்டும் என்றுதான் கோட்டுக்குக் கீழே நிறுத்தினாள். அப்படித்தான் தனக்குச் சொல்லிக்கொண்டாள். ஆனால் பிள்ளை மெலிந்ததைப் பார்த்து வில்லடீன் உச்சுக்கொட்டியபோது நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று இளகிச் சமாதானமானது. மிச்சம் பிடிக்க ஒரு கையும் மெலியவைக்க ஒரு கையுமாக இரண்டு கைகள் இல்லை. ஒரே கை, ஒரே ஊசி. அது எதற்காகக் குறைவாக இழுக்கிறது என்று ரோண்டா உற்றுப் பார்க்கவில்லை. பார்த்தால் தெரிந்துவிடும்.

விருந்து சனிக்கிழமை. மான் வேட்டைக் காலம் தொடங்கியிருந்ததால் விடுதி நிறைந்திருந்தது. வெள்ளி ராத்திரியிலிருந்தே ரோண்டாவுக்கு விடுதியில் வேலை. சில மாதங்களாக ஜோசி தானே ஊசி போட்டுக்கொள்ளப் பழகியிருந்தாள். சனிக்கிழமை காலை வேலைக்கு இடையில் ரோண்டா போன் போட்டுக் கேட்டாள்.

"ஊசி போட்டியா?"

"ம்."

"அளவு பார்த்தியா?"

"ம் மா. சாயங்காலம் என்ன சட்டை போட?"

"பழசு ஒண்ணு. அந்த சாம்பல் கலர்."

"நானும் அதத்தான் எடுத்து வச்சேன்."

தீயணைப்பு வண்டிகளையும் ஆம்புலன்ஸையும் வெளியே முற்றத்தில் நிறுத்திவிட்டு, உள்ளே நீள மேசைகள் போட்டிருந்தார்கள். பன்றித்தொடை போட்டு வேகவைத்த பீன்ஸ், சோள ரொட்டி. வாசலில் ஒரு பெரிய செப்பு அண்டாவில் ஆப்பிள் கூழ் கொதித்துக்கொண்டிருந்தது. அந்த வருஷம் மரங்கள் கிளை முறியக் காய்த்திருந்தன. அதனால் ஏலத்துக்கு வந்த கேக்கெல்லாம் ஆப்பிள் கேக். கட்டடம் முழுக்க, மனிதர்களின் தலைமுடியில்கூட, வெந்த ஆப்பிளின் வாசனை.

வில்லடீன் கூட்டிவந்திருந்த ஜோசியை மேடைக்குப் பக்கத்தில் ஒரு மடக்கு நாற்காலியில் உட்காரவைத்திருந்தார்கள். விடுதியிலிருந்து நேரே வந்த ரோண்டா கதவருகே நின்று அவளைப் பார்த்தாள். கண் குழி விழுந்திருந்தது. உதடு காய்ந்து வெளுத்திருந்தது. கன்ன எலும்பின் மேல் மட்டும் ஒரு திட்டுச் சிவப்பு. கழுத்து ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது.

இன்றைக்குச் சரியாக அமைந்துவிட்டது என்று நினைத்தாள் ரோண்டா. கர்த்தருக்கு நன்றிகூடச் சொன்னாள்.

ஏலம் விட கிளெட் வந்திருந்தான். புதன்கிழமைகளில் கன்றுக்குட்டி ஏலம் விடுகிறவன். இந்த மாதிரி விருந்துகளுக்குக் காசு வாங்க மாட்டான். அவன் நாக்கு உருள ஆரம்பித்தால் கூட்டம் தானாகக் கையைத் தூக்கும்.

"பதினஞ்சு கேட்டாச்சு, பதினஞ்சு, இருபது யாரு, இருபது, அந்தப் பக்கம் பீன்ஸ் திங்கறவங்க கொஞ்சம் காதையும் திறந்து வைங்க, இருபது." திடீரென்று நிறுத்தி, ஜோசி பக்கம் திரும்பினான். "கண்ணு, கொஞ்சம் எழுந்து நில்லு. பின்னாடி இருக்கறவங்களுக்கு நீ தெரியல."

ஜோசி நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"பல்லப் புடிச்சுப் பார்த்துட்டு வாங்கணுமா கிளெட்?" என்று யாரோ பின்னாலிருந்து கேட்க, கூட்டம் சிரித்தது. கேட்டவனே வெட்கப்பட்டு, அந்தக் கேக்கை நாற்பதுக்கு எடுத்தான்.

பிறகு விலை ஏறத் தொடங்கியது. ஜோசி கோப்பை கோப்பையாகத் தண்ணீர் குடித்தாள். ஒவ்வொரு முறை அவள் குடிக்கும்போதும் முன்வரிசைப் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ரோண்டா அந்தப் பார்வைகளை எண்ணிக்கொண்டிருந்தாள். மகள் பக்கத்தில் போய்க் குனிந்து, "நல்லா இருக்கியா?" என்று கேட்டாள். ஜோசி தலையாட்டினாள். அவள் மூச்சு ரோண்டாவின் முகத்தில் பட்டது. அழுகத் தொடங்கிய ஆப்பிளின் இனிப்பு. ஊரே ஆப்பிளாக மணக்கிற இடத்தில், மகளும் அப்படி மணந்ததில் அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை.

அந்த வாசனையை அவள் மறந்தவளல்ல. இரண்டு வருஷத்துக்கு முன்னால், பின்சீட்டில் படுத்திருந்த பிள்ளையிடமிருந்து காரெல்லாம் நிறைந்த வாசனை அது.

"அம்மா," என்றாள் ஜோசி. "வாந்தி வருது."

கழிவறையில் ஜோசி தண்ணீரும் பித்தமுமாக எடுத்தாள். ரோண்டா அவள் நெற்றியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அங்கே ஆப்பிள் இல்லை, பினாயில்தான் மணத்தது. அதற்கு நடுவே பிள்ளையின் வாயிலிருந்து அந்த இனிப்பு தனியாக வந்தது. ரோண்டாவின் கை நெற்றியிலேயே நின்றுவிட்டது.

"ஜோசி. காலையில ஊசி போட்டியா?"

ஜோசி வாயைத் துடைத்தாள்.

"நேத்து?"

"நேத்து சாயங்காலத்துலேர்ந்து போடல." தரையைப் பார்த்துச் சொன்னாள். பிறகு நிமிர்ந்தாள். "கண்ணாடியில பண்ற மூஞ்சி ரொம்ப நேரம் நிக்க மாட்டேங்குதும்மா. கன்னம் வலிக்குது. அதான் நிஜமாவே வரட்டும்னு. நல்லா வந்திருக்கா?"

ரோண்டா கைப்பையைத் திறந்தாள். அவசரத்துக்கென்று அதில் வைத்திருந்த மருந்துக் குப்பியை எடுத்தாள். கோடு வரைக்கும், கோட்டுக்கு மேலேயும் இழுத்தாள்.

"இப்பப் போட்டா சரியாயிடுவேனே," என்றாள் ஜோசி. மூச்சு வாங்கியது. "இன்னும் கேக் இருக்கு."

"உடனே சரியாகாது," என்றாள் ரோண்டா. "நேரமாகும்."

அந்தச் சொற்களைத் தானே கேட்டாள். பிள்ளைக்கு ஆறுதலாகச் சொன்னதுபோல்தான் ஒலித்தன. ஆனால் முகம் இன்னும் கொஞ்ச நேரம் இப்படியே இருக்கும் என்று அவை தனக்குத்தான் சொல்லப்பட்டன என்று தெரிந்தது. ஊசி ஏறியது. வாந்தியும் இந்த வாசனையும் சேர்ந்தால் ஒரு நிமிஷம்கூட வீட்டில் வைக்காதே, நேரே ஆஸ்பத்திரி என்று டாக்டர் சொன்னது முழுசாக, அவருடைய குரலிலேயே, நினைவுக்கு வந்தது. கதவைச் சற்றுத் திறந்து பார்த்தாள். மேசையில் ஒரே கேக் இருந்தது. வில்லடீனுடைய கேக். அதைத்தான் எப்போதும் கடைசியாக விடுவார்கள். மற்ற எல்லாக் கேக்கும் சேர்ந்து தராததை அது தரும்.

ஒரே ஒரு கேக். ஊசியும் போட்டாயிற்று. வெளியே ஆம்புலன்ஸ்கூட நிற்கிறது. இவ்வளவு தூரம் வந்தாயிற்று. ரோண்டா மகளின் முகத்தை ஈரத்துணியால் துடைக்கப் போனாள். துணி கன்னத்தருகே போனதும் நின்றது. துடைக்காமல் மடித்து வைத்தாள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய் நாற்காலியில் உட்காரவைத்தாள்.

தூக்கிக்கொண்டு வந்ததை எல்லோரும் பார்த்தார்கள். கிளெட் தொப்பியைக் கழற்றினான்.

"இதப் பார்த்த பிறகும் நான் வாயத் திறக்கணுமா?" என்றான். "நூறுல ஆரம்பிக்கிறேன்."

நூறு, இருநூறு என்று ஏறி, மரம் அறுக்கும் ஆலைக்காரர் முந்நூறுக்கு எடுத்தார். கைதட்டல். ரோண்டா எழப் போனாள். ஆலைக்காரர் கையைத் தூக்கினார்.

"எனக்கு வேண்டாம். திருப்பி விடு."

அதுதான் அந்த ஊரின் பெருந்தன்மை. வாங்கின கேக்கைத் திருப்பிக் கொடுத்து மறுபடி ஏலம் விடச் சொல்வார்கள். ஒரே கேக் மறுபடி மறுபடி விலை போகும். கடைசி கேக் என்பது கடைசியாக இருப்பதில்லை. இது ரோண்டாவுக்குத் தெரியாததல்ல. கோல்ட்டனின் விருந்தில் அவளும் கைதட்டியிருக்கிறாள்.

மறுபடி ஏலம். மாட்டுத்தீவனக் கடைக்காரர் எடுத்தார். "திருப்பி விடு." கைதட்டல். சர்ச் பெண்கள் கூட்டாகப் பணம் போட்டு எடுத்தார்கள். "திருப்பி விடு." ஒவ்வொரு முறையும் ரோண்டா பாதி எழுந்தாள், உட்கார்ந்தாள். கை தூக்குகிறவர்கள் ஜோசியைப் பார்த்துவிட்டுத்தான் தூக்கினார்கள். இப்போது எழுந்து பிள்ளையைக் கொண்டுபோனால் எதைப் பார்த்துத் தூக்குவார்கள். ஜோசியின் மூச்சு ஆழமாகி, வேகமாகி, ஓடி வந்தவளின் மூச்சாக இருந்தது. ஓடாதே என்று சொல்லப்பட்ட பிள்ளை, உட்கார்ந்த இடத்தில் ஓடிக்கொண்டிருந்தாள்.

"திருப்பி விடு," என்றது ஒரு குரல். கூட்டம் எழுந்து நின்று தட்டியது. வில்லடீன் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனில் படம் எடுத்தாள்.

பீன்ஸ் தட்டோடு நின்றிருந்த ஒரு தீயணைப்புக்காரன் தட்டைக் கீழே வைத்தான்.

"அந்தப் பிள்ளையோட மூச்சப் பாருங்க," என்றான்.

அதற்குள் ஜோசி நாற்காலியிலிருந்து வழிந்து தரைக்கு வந்திருந்தாள். சத்தமே இல்லாமல், ஒரு சட்டை நழுவி விழுவதுபோல்.

"கடைசியா எப்ப ஊசி போட்டீங்க?" அவன் மண்டியிட்டபடி கேட்டான்.

"இப்பத்தான்."

"அதுக்கு முன்னாடி?"

ரோண்டாவைச் சுற்றி ஊர் முழுவதும் நின்றது. எல்லோரும் இரக்கத்தோடு பார்த்தார்கள். அவள் வாயைத் திறந்தாள். உண்மையைச் சொன்னால் இந்த இரக்கம் என்ன ஆகும் என்று, அந்த இடத்திலும், மகள் தரையில் கிடக்கையிலும், அவள் மனம் கணக்குப் போட்டது. கடைசியில், "தெரியல," என்றாள்.

ஆம்புலன்ஸில் நகரத்துக்குப் போக மலைப்பாதையில் நேரமாகும் என்று பக்கத்துப் பந்து மைதானத்துக்கு ஹெலிகாப்டரை வரவழைத்தார்கள். அது இறங்கியபோது அண்டாவின் கீழே இருந்த நெருப்பு சிதறி அணைந்தது. பிள்ளைகள் எல்லாம் வேலியோரம் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

ஜோசி பிழைத்தாள். தீவிரச் சிகிச்சைப் பிரிவில் சில நாள் இருந்தாள். பிறகு ஜன்னல் உள்ள ஒரு அறைக்கு மாற்றினார்கள். முழு அளவு மருந்து உடம்பில் ஏறியதும் அவள் நிறம் திரும்பி வந்த வேகம் ரோண்டாவை அச்சப்படுத்தியது. அவ்வளவு சுலபமா இது. நர்ஸ் ஒருத்தி ஜோசியின் கன்னத்தைத் தட்டி, "ரோஜாப்பூ மாதிரி ஆயிட்டியே," என்றாள். ஜோசி சட்டென்று அம்மாவைப் பார்த்தாள், தப்பு செய்துவிட்டவள்போல.

தனியாக இருந்தபோது ரோண்டா சொல்ல நினைத்தாள். இனி அப்படிச் செய்யாதே. நீ செய்ததல்ல அது, நான் செய்தது. அந்த நாற்காலிக்கு உன்னைத் தூக்கிக்கொண்டு போனது என் கை. வாக்கியங்கள் தயாராக இருந்தன. ஜோசி கேட்டாள்:

"கேக் எவ்வளவுக்குப் போச்சு?"

"நிறைய."

"என்னாலயா?"

"ஆமா," என்றாள் ரோண்டா. ஜோசி தலையணையில் சாய்ந்து, திருப்தியாகக் கண்ணை மூடினாள்.

வில்லடீன் பார்க்க வந்த அன்று ஜோசி சாய்ந்து உட்கார்ந்து, சிவப்பு ஜெல்லியை ஸ்பூனால் ஆட்டி ஆட்டித் தின்றுகொண்டிருந்தாள். டிவியில் ஏதோ கார்ட்டூன். கதவு அரையாகத் திறந்திருந்தது. நடைபாதையில் வில்லடீனின் குரல் முன்னால் வந்தது.

"ரோண்டா, தங்கம், கொஞ்சம் வெளியே வா. பிள்ளை காதுல விழ வேண்டாம்." ரோண்டா கதவுவரை போனாள். வில்லடீனின் கையில் கேக் பெட்டி. "கடைசியா எடுத்தவர் இத ஜோசிக்கே குடுக்கச் சொல்லிட்டார். சர்க்கரை போட்டதுதான். என்ன பண்ண, நல்ல மனசு." பெருமூச்சு விட்டாள். "ஹெலிகாப்டர் பில் பத்தி விசாரிச்சேன். நாம சேர்த்தது அதோட இறக்கைக்குக்கூடக் காணாதாம். ஆனா நீ கவலப்படாத. ஊரே உருகிப் போய்க் கிடக்கு. இவ்வளவு மோசம்னு தெரியாமப் போச்சேன்னு சொல்றாங்க. பக்கத்து ஊர்க்காரங்களும் ஒரு விருந்து நடத்தறாங்களாம். நான் அன்னிக்கு எடுத்த படத்த ஜாடியில ஒட்டிட்டேன். ஆனா விருந்துக்குப் புதுசா ஒண்ணு வேணும். படுக்கையில, குழாயோட."

ரோண்டா திரும்பி அறைக்குள் பார்த்தாள்.

ஜோசிக்கு எல்லாம் கேட்டிருந்தது. ஸ்பூனை வைத்துவிட்டாள். ரிமோட்டை எடுத்து டிவியை அணைத்தாள். சரிந்து படுத்து, கன்னத்தை உள்ளே இழுத்து, கழுத்தைச் சாய்த்து, கண்ணைப் பாதி மூடினாள். மூடாத பாதியால் அம்மாவைப் பார்த்தாள். வாயோரத்தில் ஜெல்லியின் சிவப்பு ஒட்டியிருந்தது.

ரோண்டா உள்ளே வந்து, ஜெல்லி இருந்த மேசைத் தட்டைச் சுவர்ப்பக்கம் தள்ளி மறைத்தாள். முந்தானைத் துணியைப்போல் தொங்கிய போர்வை முனையை எடுத்து, மகளின் வாயோரத்தை அழுத்தித் துடைத்தாள்.

"வாங்க மிஸ் வில்லடீன்," என்றாள்.